வெள்ளகவிப் பொதியும் மெயின்பிரேம் மராமத்தும்

கொடைக்கானலுக்குக் கீழே, பழனி மலைச் சரிவில், வெள்ளகவி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கொடைக்கானல் என்ற கோடை வாசஸ்தலம் பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர் அது. 1821-ஆம் ஆண்டில் வார்டு என்ற ஆங்கிலேய லெப்டினன்ட் மலையை அளக்க வந்தபோது, இந்த ஊரில் முகாம் போட்டுத்தான் மேலே ஏறினார். ஊருக்குள் செருப்பு அணிந்து நடப்பதில்லை என்பது இங்குள்ளோர் காத்து வரும் கட்டுப்பாடு.

கொடைக்கானல் வளர்ந்தது. பஸ் வந்தது, கார் வந்தது, ஹோட்டல்கள் பெருகின. வெள்ளகவியோ தலைமுறை தலைமுறையாக மோட்டார் சாலையைக் காணாமலே இருந்து வந்தது. வட்டக்கானலிலிருந்து காட்டுக்குள் இறங்கும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான் வழியாக இருந்தது. அரிசியானாலும் சரி, வீடு கட்டும் சாமான்களானாலும் சரி, குதிரை முதுகில் பொதியாகவோ ஆள் தலையில் சுமையாகவோ இறங்க வேண்டியிருந்தது. ஊரில் விளையும் காப்பியும் எலுமிச்சையும் அதே பாதையில் மேலே ஏற வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஊருக்குப் பொதி கட்டுவதற்கென்று ஒரு நியாயம் உண்டு. ஒரு மோட்டார் பம்பு கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பு போய்விட்டது, அதைப் பூட்டும் போல்ட்டு மேலேயே தங்கிவிட்டது. சாலையுள்ள ஊராக இருந்தால் பையன் சைக்கிளில் கடைக்குப் போய் வருவான். இங்கே அந்த ஒரு போல்ட்டுக்காக ஒரு நாள் போகும். ஆகவே வேண்டியது எல்லாம் ஒரே பொதியில் இருக்க வேண்டும். எதை முதலில் பூட்டுவது, எதைப் பிறகு பூட்டுவது என்பது இறங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பம்பு பொருந்தாமல் போனால் பழைய பம்பையே மாட்டிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். பழையதைக் கழற்றி உடைத்துப் போட்டுவிட்டுப் புதியதைப் பிரித்துப் பார்க்கிறவனைப் புத்திசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குதிரைக்காரருக்கும் கடைக்காரருக்கும் தெரிந்த இந்த மூன்று விதிகளை, உலகத்தின் மிகப் பெரிய சாப்ட்வேர் கம்பெனிகள் சில இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். அதன் விலையைக் கொடுப்பவர்களில் சென்னைப் பொறியாளர்களும் உண்டு. சம்பளத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களும் உண்டு.

ஒரு யந்திரம், பல கம்பெனிகள்

மெயின்பிரேம் என்பது மேஜைமீது வைக்கும் கம்ப்யூட்டர் அல்ல. பெரிய வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், விமானக் கம்பெனிகள், சர்க்கார் இலாகாக்கள் ஆகியவை தங்கள் கணக்குகளை இரவு பகலாக ஓட்டும் பெரிய யந்திரம். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த ‘சிஸ்டம் 360’ என்ற வரிசைதான் இன்றைய மெயின்பிரேம்களின் மூதாதை. அன்று எழுதிய புரோகிராம் இன்றைய யந்திரத்திலும் ஓட வேண்டும் என்பதுதான் அந்த வம்சத்தின் பெருமை.

முதலில் யந்திரம் வாங்கினால் சாப்ட்வேரும் சேவையும் கூடவே வந்தன. தனிக் கட்டணம் கிடையாது. 1969 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். இதை மாற்றியது. சாப்ட்வேருக்கும் சேவைக்கும் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து சாப்ட்வேர் ஒரு சரக்காயிற்று. அதை விற்கப் பல கம்பெனிகள் தோன்றின.

இதனால் விளைந்த நிலை என்ன? இன்று ஒரு வங்கியின் மெயின்பிரேமில் அடிப்படைச் சாப்ட்வேர் ஒரு கம்பெனியுடையது. இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் சாப்ட்வேர் இன்னொன்றினுடையது. காவல் பார்ப்பது ஒன்று, அறிக்கை அச்சிடுவது ஒன்று. வெவ்வேறு வீட்டுப் பெண்கள் ஒரே அடுப்படியில் சமைப்பது போன்ற நிலை. ஒருத்தி விறகைத் தள்ளினால் இன்னொருத்தியின் பானை பொங்கும்.

இந்தச் சாப்ட்வேர் ஒவ்வொன்றிலும் அவ்வப்போது குறைகள் தெரியவரும். குறையைத் தீர்க்கும் சிறு துண்டுக்குத் ‘திருத்தம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருத்தங்களைத் தயாரித்து அனுப்புவதற்காகவே கம்பெனிகள் ஆண்டுதோறும் மராமத்துக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு காலத்தில் திருத்தங்கள் காந்த நாடாவில் தபாலில் வந்தன. இன்று இன்டர்நெட்டில் வருகின்றன. பாதை மாறிவிட்டது. பொதி கட்டும் முறை எல்லாக் கம்பெனிகளிலும் மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி.

நாலு படிகள்

பொதியை ஒழுங்காகக் கட்டும் வித்தை இல்லாமல் இல்லை. 1970-களிலேயே ஐ.பி.எம். அதற்கென்று ஒரு புரோகிராமை உண்டாக்கியது. இன்று அதன் பெயர் எஸ்.எம்.பி.இ. அதை ஒரு கண்டிப்பான ஸ்டோர் கீப்பர் என்று சொல்லலாம். எந்தப் பாகம் எந்தச் சாப்ட்வேரைச் சேர்ந்தது, அதன்மேல் எந்தத் திருத்தம் ஏறியிருக்கிறது என்று பேரேடு வைத்துக்கொள்ளும். கேட்பவர் யாரானாலும் பேரேட்டைப் பார்க்காமல் சாமானைக் கொடுக்காது.

அதன் வேலை நாலு படிகளாக நடக்கிறது. முதலில் திருத்தத்தைப் ‘பெறுதல்’. இது கிடங்கில் இறக்கி வைப்பது மட்டுமே. யந்திரத்தில் எதுவும் மாறாது. அடுத்தது ‘பூட்டுதல்’. உபயோகத்தில் உள்ள பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. கோளாறு என்றால் மூன்றாவதாகத் ‘திருப்புதல்’ உண்டு. கிடங்கிலுள்ள பழைய பாகத்தை எடுத்து மீண்டும் மாட்டிவிடும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நம்பிக்கை பிறந்த பிறகே ‘ஏற்றல்’. ஏற்றுக்கொண்டுவிட்டால் கிடங்கிலும் புதியதே நிற்கும், திருப்ப வழியில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கலாம், நிச்சயம் செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம். தாலி ஏறிய பிறகு பேச்சு வேறு அல்லவா?

இன்னும் இரண்டு நல்ல அம்சங்கள் இதில் உண்டு. ஒன்று, பூட்டுவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம். எந்தப் பாகத்தையும் தொடாமல், ‘பூட்டினால் என்ன ஆகும், எது குறைகிறது’ என்று கேட்டால் விடை சொல்லும். இன்னொன்று, தடை முத்திரை. ஒரு திருத்தமே தவறானது என்று பின்னால் தெரிந்தால் கம்பெனி அதன்மீது முத்திரை வைத்து அறிவிக்கும். அந்த அறிவிப்பு கிடங்குக்கு வந்து சேர்ந்துவிட்டால், தவறான திருத்தத்தைப் பூட்ட ஸ்டோர் கீப்பர் மறுத்துவிடுவார். ‘இதைப் பூட்டும்போது மனிதர் இன்ன வேலையும் செய்ய வேண்டும்’ என்ற எச்சரிக்கைக்கும் தனி முத்திரை உண்டு.

இவ்வளவு இருந்தும் விபத்து நேர்கிறதே, ஏன்? 2012-ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

சம்பளம் வராத ஜூன் மாதம்

ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாண்டு என்பது அப்போது பிரிட்டனின் பெரிய வங்கிக் குழுக்களில் ஒன்றாக இருந்தது. நாட்வெஸ்ட், அல்ஸ்டர் ஆகிய வங்கிகளும் அதைச் சேர்ந்திருந்தன. அந்த வாடிக்கைக்காரர்களின் கணக்குகளை இரவுதோறும் நேர் செய்யும் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டுவதற்கு ஒரு சாப்ட்வேர் இருந்தது. 2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சாப்ட்வேரின் புதிய பதிப்பை மாட்டினார்கள். மறுநாள் கணக்கில் ஏதோ கோணல் தெரிந்தது. உடனே புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை வைத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

பார்த்தால் விவேகமான முடிவுதான். ஆனால் கழற்றினால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்க்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஆகவே பழையது திரும்பி வந்து உட்கார்ந்ததும் இரவுக் கணக்கு சிக்கிக்கொண்டது. கோணலாகத் தொடங்கியது முடக்கமாக முடிந்தது.

பிரிட்டனில் மட்டும் 65 லட்சம் வாடிக்கைக்காரர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஏ.டி.எம். யந்திரம் சரியான இருப்பைக் காட்டவில்லை. வீட்டுக் கடன் தவணையை உரிய நாளில் செலுத்த முடியவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் கைப்பணமில்லாமல் தவித்தார்கள். சில நிறுவனங்களால் தங்கள் சிப்பந்திகளுக்குச் சம்பளம் போட முடியவில்லை. வடக்கு அயர்லாந்தில் அல்ஸ்டர் வங்கிக்காரர்களின் அவஸ்தை ஜூலை 10 வரை நீடித்தது.

2014 நவம்பரில் பிரிட்டனின் இரு கண்காணிப்பு அமைப்புகள் அந்தக் குழுவின் வங்கிகளுக்கு 4 கோடியே 20 லட்சம் பவுனும், 1 கோடியே 40 லட்சம் பவுனுமாக, மொத்தம் 5 கோடியே 60 லட்சம் பவுன் அபராதம் விதித்தன. குற்றம் வங்கியுடையது என்று தீர்ப்பு. ஒத்திகை பார்க்காதது வங்கியின் தவறே, அதில் சந்தேகமில்லை.

எனினும் சிந்தித்துப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே கவிழ்ந்தது பயணம் போனபோது அல்ல, திரும்பி வந்தபோது. புதியதை மாட்டும் வழியை எல்லாக் கம்பெனிகளும் விளக்கமாக எழுதி அனுப்புகின்றன. கழற்றும் வழியை அதே அக்கறையோடு எழுதி, சோதித்து, பொதியில் சேர்த்து அனுப்புவதே எங்கும் வழக்கமாக வேண்டும். பாகத்தைப் பழையபடி மாட்டிவிட ஸ்டோர் கீப்பரால் முடியும். புதிய பாகம் எழுதிவைத்த கணக்கைப் பழைய பாகத்தால் வாசிக்க முடியுமா என்பது பேரேட்டில் இல்லை. அதைச் சொல்லக் கூடியவர், சாப்ட்வேரை எழுதியவர் ஒருவரே.

மராமத்தும் ஒரு சுதந்திரமே

மராமத்து யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் யந்திரமும் இருக்கிறது என்ற பாடத்தை நம் நாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றது. 1960-களில் இந்திய ரயில்வேயின் மண்டல அலுவலகங்களில் ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டர்கள் வந்து அமர்ந்தன. யந்திரங்கள் ஐ.பி.எம்.முக்குச் சொந்தம், வாடகை நமக்கு. பழுது பார்ப்பவரும் அவரே.

1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டம், அன்னியக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐ.பி.எம். இணங்கவில்லை. 1978-இல் நாட்டைவிட்டு வெளியேறியது. யந்திரங்கள் நின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்பவர் போய்விட்டார்!

ஆனால் இந்திய சர்க்கார் முன்யோசனையாக 1975-லேயே ‘கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்’ என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியிருந்தது. பெயரிலேயே மராமத்து! ஐ.பி.எம். விட்டுச் சென்ற யந்திரங்களை நாடெங்கும் அதுவே பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டது. சி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த நிறுவனம், 1980-களில் டில்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததும் நாடறிந்த செய்தி. 2001-இல் அது டாட்டா குழுமத்துக்குக் கைமாறியது, 2015-இல் டி.சி.எஸ். கம்பெனியோடு இணைந்தது.

பிறர் யந்திரத்தைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட நாடு, பின்னர் உலகத்தின் மெயின்பிரேம்களையே பார்த்துக்கொள்ளும் நாடாயிற்று. இன்று அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளின் பெரிய யந்திரங்களுக்குத் திருத்தம் பூட்டுபவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே வங்கி ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் இங்கே வேலை. நியூயார்க்கில் சனிக்கிழமை நள்ளிரவு என்றால் சென்னையில் ஞாயிறு காலை ஒன்பதரை அல்லது பத்தரை மணி. ஊர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தயாராகும்போது, இந்த இளைஞர்கள் திரைக்கு முன்னால் பொதி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்கப்பட்ட நேரம் சில மணிகளே. அதற்குள் ஒரு முன்தேவைத் திருத்தம் குறைகிறது என்று தெரிந்தால்? அனுமதிச் சாவி காலாவதியாகியிருந்தால்? முக்கியமான எச்சரிக்கை முத்திரையில் இல்லாமல் எங்கோ ஒரு கடிதத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தால்? மேலே விட்டுவந்த போல்ட்டுக்கு யாரை அனுப்புவது?

தானே வந்து இறங்கும் திருத்தம்

‘இதெல்லாம் பழங்காலத்து ஏற்பாடு. கம்பெனியே நேராக யந்திரத்துக்குள் திருத்தத்தை இறக்கிவிட்டால் வேலை மிச்சம்’ என்று சொல்பவர்கள் உண்டு. கைத் தொலைபேசி அப்படித்தானே தன்னைத் திருத்திக்கொள்கிறது? திருடர்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் பாதுகாப்புத் திருத்தத்தை மாதக் கணக்கில் கிடங்கில் போட்டுவைப்பதும் ஆபத்து என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் 2024 ஜூலை 19-ஆம் தேதியை மறக்கலாமா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி, விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறிய மாற்றத்தை நேரே அனுப்பியது. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்குப் புறப்பட்டது அது. தவறு தெரிந்து 78 நிமிஷங்களில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கிவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பியது நிமிஷத்தில், சரிசெய்யவோ, பல இடங்களில் ஒவ்வொரு யந்திரமாக மனிதர் போய் உட்கார வேண்டியிருந்தது.

அது மெயின்பிரேம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. எப்போது பூட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை வாடிக்கைக்காரரிடம் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு இடமில்லாத வேகம் அபாயமான வேகம்.

கம்பெனிகளின் தரப்பில் சொல்லப்படும் பதில் இது: “ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் யந்திரமும் ஒரு விதம். எல்லாக் கலவைகளையும் நாங்கள் சோதிக்க முடியுமா?” முடியாதுதான். ஆனால் வழி உண்டு. ஐ.பி.எம். தன் திருத்தங்களைச் சேர்த்துவைத்து, ஒரே யந்திரத்தில் ஒன்றாக ஓட்டிப் பார்த்து, ‘இந்தத் தொகுதியைப் பூட்டுங்கள்’ என்று காலாண்டுதோறும் சிபாரிசு செய்கிறது. புதிய பதிப்பு வருமுன், அதனோடு பழைய பதிப்பு அனுசரித்துப் போவதற்கான திருத்தத்தை முதலில் பழைய யந்திரத்தில் பூட்டச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. மருமகள் வருமுன் மாமியாரைப் பழக்குவது மாதிரி! எல்லாக் கம்பெனிகளும் இதைச் செய்தால் பாதிச் சங்கடம் தீரும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதமாகப் பொதி கட்ட வேண்டும். பழகிய ஸ்டோர் கீப்பர் இருக்கும்போது ஒவ்வொருவரும் தனித்தனிப் பேரேடு வைத்தால், அடுப்படிச் சண்டைதான் மிஞ்சும்.

இரண்டாவது, முன்தேவைகள் அனைத்தும் ஒரே தடவையில் வர வேண்டும். வாடிக்கைக்காரரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, குறைவதைக் கணக்கிட்டு அனுப்புவது கம்பெனிக்குக் கஷ்டமான காரியம் அல்ல.

மூன்றாவது, எச்சரிக்கைகள் யந்திரம் வாசிக்கும் முத்திரையாக வர வேண்டும். கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது.

நான்காவது, குறை தீர்க்கும் திருத்தமும் புதிய வசதியும் ஒரே மூட்டையில் கலக்கக் கூடாது. கலந்தே வந்தாலும், வாடிக்கைக்காரர் திறக்கும் வரை புதிய வசதி தூங்க வேண்டும். மருந்து கேட்டவனுக்கு மருந்தோடு விருந்தையும் ஊட்டுவது வைத்தியம் அல்ல.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கழற்றும் வழியும் பொதியில் இருக்க வேண்டும். கம்பெனியே அதைச் சோதித்திருக்க வேண்டும். ‘இந்த இடத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது’ என்ற நிலை இருக்குமானால், அதை முதல் வரியில் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாடிக்கைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘ஓடுகிற யந்திரத்தைத் தொடாதே’ என்று திருத்தங்களை வருஷக் கணக்கில் ஒத்திப்போட்டுவிட்டு, பிறகு ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பூட்டுகிறவர்கள், விபத்துக்குக் கம்பெனியை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. தனி யந்திரத்தில் ஒத்திகை பார்க்கச் செலவு ஆகும். அந்தச் செலவு அபராதத்தைவிடக் குறைவு என்பதை 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டிவிட்டது.

மராமத்துக் கட்டணம் என்பது திருத்தத்தின் விலை மட்டும் அல்ல. அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, பத்திரமாக அமர்வதற்கான விலை. போல்ட்டு குறைந்த பம்பை அனுப்பிவிட்டுப் பணம் வாங்கும் கடைக்காரரிடம் ஜனங்கள் மறுபடி போகமாட்டார்கள். மெயின்பிரேம்காரருக்கோ வேறு கடைக்குப் போவது அவ்வளவு சுலபம் அல்ல. மாற முடியாத வாடிக்கைக்காரர் என்பதனாலேயே அவருக்குக் கூடுதல் அக்கறையோடு பொதி கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் அனுப்புகிறவர். அந்தப் பாரத்தைச் சுமக்கிறவர் தலையில் ஏற்றுவது தர்மம் அல்ல.